நாய்க்கு விசர் பிடிச்சிட்டுதோ?

சுவிசில் எங்கள் சனத்தின் வீடுகளுக்குள் நாய் வந்தது பெரும்பாலும் பிள்ளைகளால்தான். ஊரில் நாய் வளவுக்குள் நின்றது. படலையடியில் படுத்தது, மிஞ்சின சோற்றைத் தின்றது, குசினி வாசற்படியைத் தாண்டினால் ஏச்சு வாங்கியது. இங்கே அது மூன்றாம் மாடியில் சோபாவில் படுத்திருக்கிறது. அதற்கு வரி கட்டுகிறோம். கழுத்துத் தோலுக்கு அடியில் சிப் வைத்திருக்கிறார்கள்.

வந்து ஆறு மாதத்தில் பிரச்சினையும் வருகிறது. எல்லாரும் வேலைக்குப் போனபின் கதவு நிலையைக் கரண்டி வைக்கிறது. சாப்பாட்டுக் கோப்பைக்குக் கிட்டப் போனால் உறுமுகிறது. லிப்டைக் கண்டால் நடுங்குகிறது. தன் வாலைத் தானே துரத்திச் சுற்றுகிறது. அப்போது வீட்டில் மூன்று விதமான கதை கேட்கும். அம்மம்மா சொல்லுவா, "உதுக்கு விசர் பிடிச்சிட்டுதோ?" மாமா சொல்லுவார், "ரெண்டு போட்டால் சரிவரும்." ரீவி பார்க்கிற அண்ணர் சொல்லுவார், "நீதான் தலைவன் எண்டு காட்டவேணும். அல்பா!"

இந்த மூன்றுக்கும் மூன்று சரித்திரம் இருக்கிறது. மூன்றாவது கதை தொடங்கியது எங்களுக்குப் பக்கத்தில், பாசலில். அதனால்தான் இதை எழுதத் தோன்றியது.

விசர்

அம்மம்மாவின் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட ஏலாது. மனிதர் நாயின் புதினமான நடத்தையைக் கவனிக்கத் தொடங்கியதே இந்தப் பயத்தால்தான். சாதுவான நாய் திடீரென்று கடிக்கிறது, வாயால் நீர் வடிகிறது, குரல் மாறுகிறது, வீட்டுக்காரரையே தெரியவில்லை. கடிபட்டவருக்கு நோய்க்குறி வெளிப்பட்டால் தப்புவது மிக மிக அரிது. எங்கள் பேச்சில் நாய்க்கு வந்தாலும் மனிசருக்குப் புத்தி தடுமாறினாலும் ஒரே சொல்லால் 'விசர்' என்று சொல்லுகிறோமே, அது சும்மா வந்ததில்லை.

1885 யூலை 6ஆம் திகதி, அல்சாஸில் நாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பெடியனுக்கு லூயி பாஸ்டர் பரிசில் தன் தடுப்பூசியைப் போடுவித்தார். பெடியன் பிழைத்தான். அல்சாஸ் என்றால் பாசலில் இருந்து எல்லையைத் தாண்டினால் வருகிற இடம். சுவிசுக்குள் நரிகள் மூலம் இந்த நோய் 1967இல் வந்தது. 1978இல் ரோன் பள்ளத்தாக்கில் கோழித் தலைகளுக்குள் தடுப்பு மருந்தை வைத்து நரிகளுக்குப் போட்டார்கள். உலகத்திலேயே முதல் தடவையாக இப்படி வெளியில் செய்தது இங்கேதான். நரி தானே தின்று தானே தடுப்பூசி போட்டுக்கொண்டது! 1999இல் நாடு இந்த நோயில் இருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

ஊரில் நிலைமை அப்படி இல்லை. இலங்கையில் விசர்நாய்க்கடி இன்னும் இருக்கிறது. விடுமுறைக்குப் போகிற பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்: தெருநாய் கடித்தாலோ பிறாண்டினாலோ சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவவேண்டும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

அம்மம்மாவின் கேள்வியில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. நாயின் குணம் திடீரென்று மாறினால் முதலில் உடம்பைப் பார்க்கவேண்டும். காதுக்குள் புண், பல்லு வலி, மூட்டு வலி, வயதானால் பார்வையும் கேள்வியும் குறைதல்... இவை எல்லாமே ஒரு நல்ல நாயை உறும வைக்கும். மிருக வைத்தியரும் அங்கிருந்துதான் தொடங்குவார்.

ரெண்டு போடு

மாமாவின் வைத்தியம் மிகப் பழையது. ஆனால் அதை ஒழுங்கான பாடமாக எழுதியவர்களில் முக்கியமானவர் யேர்மனியின் கொன்ராட் மொஸ்ட். பொலிஸ் நாய்களைப் பழக்கியவர். 1910இல் அவருடைய நாய்ப் பயிற்சிப் புத்தகம் வந்தது. நாய்க்குச் சரி பிழை என்ற தர்மம் தெரியாது, தன் செயலை அடுத்து உடனே என்ன நடக்கிறது என்பதில்தான் அது பழகுகிறது என்று அப்போதே விளங்கியிருந்தார். பரிசு கொடுப்பதைப் பற்றியும் எழுதினார். ஆனால் முள்ளுக் கழுத்துப்பட்டியும் பிரம்பும் அவர் முறையில் பெரிய இடம் பிடித்தன. உலக யுத்தங்களில் படைகளுக்கு ஆயிரக்கணக்கில் நாய்கள் தேவைப்பட்டன. அப்படிப் படைக்காகப் பழக்கிய முறைதான் பிறகு சாதாரண வீடுகளுக்கும் வந்தது. வரவேற்பறையில் பந்து விளையாடுகிற நாய்க்கும் காவல்துறை ஒழுக்கம்!

அதே காலத்தில் ரஷ்யாவில் இவான் பவ்லோவின் ஆய்வுகூடத்தில் வேறொன்று தெரியவந்தது. மணி, எச்சில் கதை எல்லோருக்கும் தெரியும். அவ்வளவாகத் தெரியாதது வட்டத்தின் கதை. ஒரு நாய்க்கு வட்டத்தைக் காட்டினால் சாப்பாடு, நீள்வட்டத்தைக் காட்டினால் ஒன்றும் இல்லை. நாய் இரண்டையும் பிரித்தறியப் பழகிவிட்டது. பிறகு நீள்வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வட்டத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தார்கள். அகலமும் உயரமும் 9க்கு 8 என்ற அளவுக்கு வந்தபோது நாய்க்குப் பிரிக்க முடியவில்லை. மூன்று கிழமை இப்படியே போனது. அமைதியாக நின்ற நாய் கத்தத் தொடங்கியது, சுழன்றது, உடம்பில் பூட்டியிருந்த கருவிகளைப் பல்லால் பிடுங்கியது. முன்பு சுலபமாகப் பிரித்த வடிவங்களைக் கூடப் பிரிக்க முடியாமல் போனது.

யாரும் அதை அடிக்கவில்லை. பட்டினி போடவும் இல்லை. எது சரி என்று தெரிந்துகொள்ள முடியாத நிலைக்குக் கொண்டுவந்தார்கள், அவ்வளவுதான். எங்கள் வீடுகளில் நடப்பதை யோசித்துப் பாருங்கள். சனிக்கிழமை நாய் பாய்ந்து மேலே ஏறினால் சிரித்துக் கொஞ்சுகிறோம். திங்கட்கிழமை வேலை உடுப்போடு நிற்கும்போது அதே பாய்ச்சலுக்கு ஏச்சு. மகள் மேசையில் இருந்து ரொட்டித் துண்டு போடுகிறாள், தகப்பன் மேசையடிக்கு வந்ததற்கு அடிக்கிறார். நாய்க்கு இது வட்டமா நீள்வட்டமா?

அடித்தால் அடங்கும் என்பதற்கும் ஒரு பதில் பிறகு வந்தது. 1967இல் அமெரிக்காவில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் என்ற இரண்டு இளம் ஆய்வாளர்கள் நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துச் செய்த பரிசோதனையை வெளியிட்டார்கள். (இன்றைக்கு அப்படிச் செய்ய விடமாட்டார்கள்.) சில நாய்கள் தலையால் ஒரு பலகையை அழுத்தி அதிர்ச்சியை நிறுத்தலாம். வேறு சில நாய்கள் என்ன செய்தாலும் நிற்காது. பிறகு எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் விட்டார்கள். நடுவில் ஒரு சின்னத் தடுப்பு, பாய்ந்தால் தப்பலாம். முதல் வகை நாய்கள் பாய்ந்தன. இரண்டாம் வகையில் பெரும்பாலானவை முனகிக்கொண்டு படுத்துவிட்டன. பிறகு அந்த நாய்களைக் கயிற்றில் கட்டித் தடுப்புக்கு மற்றப் பக்கம் இழுத்து இழுத்துத்தான் 'தப்ப முடியும்' என்று காட்டவேண்டி இருந்தது.

2016இல் அதே இருவரும் தங்கள் விளக்கத்தைத் திருத்தினார்கள். நீண்ட வேதனைக்குள் ஒடுங்கிப்போவது கற்றுக்கொள்வதல்ல, அது மூளையின் இயல்பான பதில். கற்றுக்கொள்ளப்படுவது 'என் கையில் ஏதோ இருக்கிறது' என்ற நம்பிக்கைதான் என்றார்கள். ஆகவே மாமா ரெண்டு போட்டபின் மூலையில் படுத்துக் கிடக்கிற நாயைப் பார்த்து "பார், திருந்திட்டுது" என்று சொல்ல அவசரப்படாதீர்கள்.

நான்தான் தலைவன்

இனிப் பாசல் கதை. 1874இல் திறக்கப்பட்ட அந்த மிருகக்காட்சிசாலையை ஊர்ச்சனம் செல்லமாக 'சோலி' என்று கூப்பிடும். 1930களிலும் 40களிலும் ருடோல்ப் ஷெங்கல் என்ற விலங்கியலாளர் அங்கே ஓநாய்களை உட்கார்ந்து கவனித்தார். ஏறத்தாழ பத்து மீற்றருக்கு இருபது மீற்றர் இடத்துக்குள் பத்து ஓநாய்கள் வரை அடைக்கப்பட்டிருந்தன. காது, வால், உதடு, பார்வை எல்லாவற்றையும் நுணுக்கமாகக் குறித்தார். 1947இல் கட்டுரை வெளிவந்தது. ஓநாய்களுக்குள் முதலிடத்துக்கு ஓயாத போட்டி இருக்கிறது, மேலே ஒரு ஆணும் ஒரு பெண்ணும் தங்கள் இடத்தை அடக்கி ஆண்டு காப்பாற்றுகின்றன என்பது அதன் சாரம். கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசையை நோர்வேக்காரர் ஷெல்டெரூப்-எப்பே 1920களின் தொடக்கத்திலேயே எழுதியிருந்தார். அந்தக் கண்ணாடியால் மிருகங்களைப் பார்த்த காலம் அது.

ஷெங்கல் பொய் சொல்லவில்லை. கண்டதைத்தான் எழுதினார். ஆனால் கண்டது எங்கே? இருநூறு சதுர மீற்றர் வேலிக்குள்.

1970இல் அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மீச் ஓநாய் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அதுவரை இருந்த அறிவைத் தொகுத்ததால் 'அல்பா' ஓநாயும் அதற்குள் வந்தது. புத்தகம் நன்றாக விற்றது, சொல் பரவியது. நாய் ஓநாயின் வழிவந்தது, ஓநாய் தலைமைக்குச் சண்டை பிடிக்கும், ஆகவே சோபாவில் ஏறுகிற உங்கள் நாய் உங்கள் தலைமையைப் பறிக்கப் பார்க்கிறது என்று கணக்குப் போட்டார்கள். 1978இல் நியூயோர்க் மாநிலத்தில் நியூ ஸ்கீட் மடத்துத் துறவிகள் எழுதிய நாய் வளர்ப்புப் புத்தகம், நாயை மல்லாக்காகப் புரட்டி அமத்திப் பிடித்து அடிபணிய வைக்கும் முறையைப் பிரபலமாக்கியது. 2002இல் வந்த திருத்திய பதிப்பில் அந்தத் துறவிகளே அதைக் கைவிட்டார்கள். ஆனால் 2004இல் சீசர் மிலானின் ரீவி நிகழ்ச்சி தொடங்கி 2012 வரை ஓடியது. அண்ணருக்கு 'அல்பா' வந்தது அந்த வழியால்தான்.

இதற்கிடையில் மீச் என்ன செய்தார்? 1986 தொடக்கம் கனடாவின் வட கோடியில் எல்லெஸ்மியர் தீவுக்கு ஒவ்வொரு கோடையும் போனார். அங்கே ஓநாய்கள் மனிதருக்கு வெருளுவதில்லை. கிட்ட இருந்து பார்த்தார். சிம்மாசனத்துக்கு அடிபடுகிற கூட்டத்தை அவர் காணவில்லை. ஒரு தாய், ஒரு தகப்பன், முந்தின வருசத்துப் பிள்ளைகள், இந்த வருசத்துக் குட்டிகள். தாய் தகப்பன் வழிநடத்துகின்றன, பிள்ளைகள் பின்னால் போகின்றன. வளர்ந்த பிள்ளைகள் துணை தேடிப் பிரிந்து போகின்றன. அவ்வளவுதான் 'ஓநாய்க் கூட்டம்'. எங்கள் ஊர்க் குடும்பம் மாதிரி!

1999இல் மீச் இதை எழுதினார். வேலிக்குள் கண்டவை பெரும்பாலும் ஒன்றுக்கொன்று உறவில்லாமல் கொண்டுவந்து சேர்த்த ஓநாய்களின் நடத்தை, அதை வைத்து இயற்கையில் உள்ள ஓநாயைச் சொல்வது பிழை, 'அல்பா' என்றதற்குப் பதிலாகத் தாய் தகப்பன் என்று சொன்னால் போதும் என்றார். தன் 1970ஆம் ஆண்டுப் புத்தகத்தை அச்சிடுவதை நிறுத்தச் சொல்லிப் பதிப்பகத்தைப் பல வருடம் கேட்டார். 2022இல்தான் அது நின்றது. தன் பெயரை உலகறியச் செய்த புத்தகத்தைத் தானே நிறுத்தக் கேட்ட மனிதர்கள் அதிகம் இல்லை.

அமத்திப் பிடித்தால் என்ன நடக்கும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2009இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக மிருக வைத்தியர்கள், நடத்தைப் பிரச்சினையோடு வந்த நாய்களின் சொந்தக்காரர் 140 பேரிடம் விசாரித்து வெளியிட்டது: அடித்து உதைத்துப் பார்த்தவர்களில் 43 வீதத்தினருக்கும், மல்லாக்கப் புரட்டி அமத்தியவர்களில் 31 வீதத்தினருக்கும், முறைத்துப் பார்த்தவர்களில் 30 வீதத்தினருக்கும் நாய் திருப்பிச் சீறியது அல்லது கடித்தது. பயத்தில் உறுமின நாயை இன்னும் பயப்படுத்தினால் வேறென்ன செய்யும்?

வெள்ளம்

மூன்று கதைக்கும் வெளியே இன்னொன்று இருக்கிறது. 1924 செப்டெம்பர் 23ஆம் திகதி லெனின்கிராட் நகரத்தை வெள்ளம் மூடியது. பவ்லோவின் நாய்கள் கூடுகளுக்குள் மாட்டிக்கொண்டன. தண்ணீர் ஏற ஏற, கூட்டின் மேல் விளிம்பில் மூக்கை வைத்துக்கொண்டு நீந்தின. கூட்டுக் கதவு கீழே இருந்தது. வேலையாட்கள் ஒவ்வொரு நாயையும் தண்ணீருக்குள் அமிழ்த்தித்தான் வெளியே இழுக்க வேண்டியிருந்தது. காப்பாற்றவந்த கைதான் மூழ்கடிக்கிறது என்று அவற்றுக்குத் தோன்றியிருக்கும்.

நாய்கள் தப்பின. ஆனால் சிலவற்றுக்கு வருசக்கணக்காய்ப் பழகினதெல்லாம் மறந்துபோனது. மெல்ல மெல்லத் திருத்தி எடுத்தார்கள். பிறகு ஒரு நாள், தேறிவிட்ட ஒரு நாய் நின்ற அறைக் கதவின் அடியால் கொஞ்சத் தண்ணீரைக் கசிய விட்டார்கள். நாய் துள்ளி எழும்பி நடுங்கியது. பழையபடி எல்லாம் குழம்பியது. எல்லா நாய்களும் இப்படி உடையவில்லை. சிலவற்றை வெள்ளம் தொட்டதாகவே தெரியவில்லை. ஏன் ஒன்று உடைகிறது மற்றது தாங்குகிறது என்ற கேள்வி பவ்லோவின் கடைசிக் கால ஆராய்ச்சிகளில் முக்கியமான ஒன்றாய் இருந்தது.

2011இல் அமெரிக்க இராணுவம் யுத்தத்துக்கு அனுப்பிய ஏறத்தாழ 650 நாய்களில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் யுத்த அதிர்ச்சியால் பாதிக்கப்பட்டிருப்பதாக அதன் மிருக வைத்தியர்கள் சொன்னார்கள். சில நாய்கள் கட்டிடத்துக்குள் நுழைய மறுத்தன, சில பழக்கினவரையே கடிக்கப் போயின, சில அவரை விட்டு விலக மறுத்தன.

எங்களுக்கு இதைச் சொல்ல அமெரிக்கா தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் பொம்பர் வருவதை எங்கள் காதுக்கு முன் நாய் அறிந்ததை நீங்களும் கண்டிருப்பீர்கள். சாப்பிட்டுக்கொண்டு நின்றது கோப்பையை விட்டுவிட்டு பங்கர் வாசலுக்கு ஓடும். நாங்கள் அதன் பின்னால் ஓடுவோம். அப்போது யாரும் அதை விசர் என்று சொல்லவில்லை, கெட்டிக்கார நாய் என்று சொன்னோம். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழும்பி நடந்தபோது எத்தனையோ வளவுகளில் நாய்கள் நின்றுவிட்டன. படலையைத் திறந்து விட்டுவிட்டு வந்ததாகச் சிலர் சொல்வார்கள். அதற்குமேல் கதைக்கமாட்டார்கள்.

இங்கே ஓகஸ்ட் முதலாம் திகதி தேசிய நாளுக்கு வாணவேடிக்கை விடுவார்கள். நாய் குளியலறைக்குள் போய் ஒளிக்கிறது. அதே நேரம் அப்பா ரீவியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு யன்னல் பக்கம் பாராமல் இருக்கிறார். நாயை "விசர் நாய்" என்கிறோம். அப்பாவை ஒன்றும் சொல்வதில்லை.

வேலிக்குள்

பாசல் ஓநாய்களைப் பற்றி வாசித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் சனம் வந்து இறங்கிய காலம்தான். எங்களில் பலரை முதலில் போட்டது நிலத்துக்கு அடியில் இருந்த சிவில் பாதுகாப்புப் பங்கர்களுக்குள். செல்லடிக்குப் பயந்து பங்கருக்குள் இருந்து வந்தவனுக்கு இங்கேயும் பங்கர்! யன்னல் இல்லை. மூன்று தட்டுக் கட்டில்கள். வெவ்வேறு நாட்டுக்காரர், வெவ்வேறு பாசை, எல்லாருக்குமாய் ஒரு குசினி. வேலை செய்யக்கூடாது, முடிவு எப்போது வரும் என்று தெரியாது. சண்டை வந்தது. அடுப்புக்குச் சண்டை, தொலைபேசிக்குச் சண்டை. அதைப் பார்த்த சிலர் எங்களுக்குக் காது கேட்கச் சொன்னார்கள், "இவர்களின் சுபாவமே இப்படித்தான்." அதே ஆட்கள் பிறகு இந்த நாட்டின் உணவகங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் முப்பது வருடம் ஒரு சத்தம் இல்லாமல் வேலை செய்தார்கள். சுபாவம் மாறவில்லை, வேலி மாறியது.

நாயை மனிசரோடு ஒப்பிடுகிறேன் என்று கோபிக்காதீர்கள். பார்க்கிற கண்ணைப் பற்றித்தான் சொல்கிறேன்.

பயத்துக்குக் காரணம் எப்போதும் பெரிய துன்பமாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் ஸ்கொட், புல்லர் என்ற இருவர் ஐந்து இன நாய்களை வருடக்கணக்கில் வளர்த்துப் பார்த்து 1965இல் ஒரு புத்தகம் எழுதினார்கள். குட்டிக்கு மூன்றாம் கிழமைக்கும் பன்னிரண்டாம் கிழமைக்கும் இடைப்பட்ட காலம்தான் உலகத்தோடு பழகும் காலம். பதினான்கு கிழமை வரை மனிதரைக் காணாமல் வளர்ந்த குட்டிகள் பிறகு காட்டு மிருகம் போல் மனிதரைக் கண்டு ஓடின. இணையத்தில் மலிவாய் வாங்கி, எங்கோ ஒரு கொட்டிலில் இருந்து வானில் ஏற்றி வருகிற குட்டி லிப்டைக் கண்டு நடுங்குவதற்கும், 2020இல் எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது வாங்கின நாய் பிறகு தனியே இருக்கமுடியாமல் கதவைக் கரண்டுவதற்கும் காரணத்தை அந்தக் கிழமைகளிலும் மாதங்களிலும் தேடலாம்.

சட்டமும் இங்கே ஒரு வட்டம் சுற்றியது. 2005 டிசெம்பரில் சூரிச் மாநிலத்தின் ஓபர்கிளாட்டில் ஆறு வயதுக் குழந்தையை மூன்று நாய்கள் கடித்துக் கொன்றதில் நாடே கொதித்தது. 2008இல் வந்த புதிய மிருகப் பாதுகாப்பு விதிகள் நாய் வாங்குபவர் கட்டாயம் வகுப்புக்குப் போகவேண்டும் என்றன. 2016 முடிவோடு நாடு தழுவிய அந்தக் கட்டாயம் எடுக்கப்பட்டது. சில மாநிலங்கள் தங்களுக்கென்று வகுப்பு வைத்திருக்கின்றன. கட்டாயம் இல்லாவிட்டாலும் போவது நல்லது. டொச் விளங்காத பெற்றோரைப் பிள்ளை கூட்டிக்கொண்டு போகலாம்.

வீட்டில் நாய் புதினமாய் நடந்தால் முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். பிறகு எப்போது, எங்கே, யாருக்கு முன்னால் அப்படிச் செய்கிறது என்று இரண்டு கிழமை ஒரு கொப்பியில் குறியுங்கள். ஷெங்கல் செய்தது மாதிரித்தான், ஆனால் வேலியையும் சேர்த்துக் குறியுங்கள். உறுமினதற்கு அடிக்காதீர்கள். உறுமல் எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்தினால் அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் கடிக்கும்.

ஓகஸ்ட் முதலாம் திகதி பொழுது படமுதல் நாயை நடத்திக் கொண்டுவந்து விடுங்கள். யன்னல் மறைப்பை இறக்குங்கள், பாட்டைப் போடுங்கள், பக்கத்தில் இருங்கள். பயந்த நாயைத் தடவினால் பயம் கூடும் என்பது பழைய கதை. பயம் பரிசு கொடுத்து வளர்கிற சாமான் இல்லை. அப்பாவையும் அதே அறையில் இருத்திவிட்டால் இருவருக்கும் உதவியாக இருக்கும்.